தந்தை பெயர் என்ற வரி

எங்கள் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடத்தில் நாங்கள் அறுபது பேர். ரெஸ்யூம் மட்டும் ஒன்றுதான் இருந்தது.

எப்போதோ படித்துவிட்டுப் போன ஒரு சீனியர் எழுதியது அது. அவருக்கு அடுத்த செட் அதை வாங்கிப் பெயரையும் மார்க்கையும் மாற்றிக்கொண்டது. அதற்கடுத்த செட்டும் அப்படியே. கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி ஊரெல்லாம் சுற்றி எங்கள் கைக்கு வந்தபோது அதில் யாருடைய அடையாளமும் இல்லை. ‘சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வெளிப்படுத்தி நிறுவனத்தின் வளர்ச்சிக்கு உழைப்பேன்’ என்று ஆங்கிலத்தில் முதல் வரி. பலம், தலைமைப் பண்பு. பொழுதுபோக்கு, புத்தகம் வாசித்தல். அறுபது பேரும் புத்தகம் வாசிப்பவர்கள். நூலகத்தில் ஈ ஆடியது. இரண்டாவது பக்கத்தில் சொந்த விவரங்கள்: பிறந்த தேதி, தந்தை பெயர், தாய்மொழி, முகவரி. கடைசியில் ‘மேலே கண்ட விவரங்கள் யாவும் உண்மை என உறுதி கூறுகிறேன்’ என்று ஒரு டிக்ளரேஷன். அதற்குக் கீழே கையெழுத்து.

மதுரையிலிருந்து ஒருவர் வந்து எங்களுக்கு ரெஸ்யூமும் கவர் லெட்டரும் எழுதப் பயிற்சி கொடுத்தார். பலவீனம் என்ற இடத்தில் நான் ‘கோபம்’ என்று எழுதியிருந்தேன். சிவப்புப் பேனாவால் அடித்தார். “பலவீனத்தையும் பலம் மாதிரி எழுதணும் தம்பி. எதையும் அரைகுறையா விட மாட்டேன்னு எழுது” என்றார். கோபம் வந்தால் நானும் அரைகுறையாக விடுவதில்லை. அதனால் மாற்றி எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

கோபம் எனக்கு அப்பா கொடுத்த சொத்து. மார்க்கையன்கோட்டையில் அவர் வாழைக்காய் வியாபாரி. தோட்டத்தை விலை பேசி, தார் வெட்டி, லாரி ஏற்றி அனுப்புவார். பேச்சு படிந்தால் வாய் பேசும். படியாவிட்டால் கை பேசும். ஒருமுறை, ஏற்றி முடித்த தார்களின் மேல் செருப்புக் காலோடு ஏறி நின்ற லாரி டிரைவரைக் கீழே இழுத்துப் போட்டு மூக்கை உடைத்துவிட்டு, மறுநாள் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று அம்மா சொல்வாள். அவள் தேவதானப்பட்டியில் பிறந்தவள். கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவாள். எங்கள் வீட்டில் அப்பாவும் நானும் பயப்படுவது அது ஒன்றுக்குத்தான்.

என் நண்பன் குச்சனூர்க்காரன். பள்ளிக்கூடத்திலிருந்து ஒரே பஸ், ஒரே பெஞ்ச். இருவரும் ஒருவரையொருவர் மாப்ள என்று கூப்பிட்டுக்கொள்வோம். அதனால் அவன் அம்மா எனக்கு அத்தை. என் அப்பா அவனுக்கு மாமா. அந்தக் கணக்குப்படி அவன் அம்மா என் அப்பாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் எதுவும் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒருவரை ஓர் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் அது உறவுதான். கூப்பிட்ட முறையை மாற்றி நடந்தால் செருப்படி விழும்.

அத்தை சனீஸ்வரன் கோயில் வாசலில் எள் பொட்டலமும் விளக்கும் விற்றாள். அவள் புருஷன் மலைக்கு மேலே கேரளப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் ஜீப் ஓட்டினான். அங்கேயே தங்கிவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் இறங்கி வருவான். மற்ற ஊர்க்காரர்கள் சனி விலக வேண்டுமென்று குச்சனூருக்கு வருவார்கள். இவர்கள் வீட்டுக்குச் சனி ஜீப்பில் வந்து இறங்கும். குடித்தால் பாதி மலையாளத்தில் திட்டுவான். கையில் கிடைப்பதை எடுத்து அத்தையை அடிப்பான். செம்பு, செருப்பு, ஒரு தடவை கொதிக்கிற குழம்புச் சட்டி. அத்தையின் இடது தோளில் வெந்த தோல் சுருங்கிப்போய் இருக்கும். குறுக்கே விழுந்து தடுத்ததில் என் நண்பனின் புருவத்தில் தையல் போட்ட தழும்பு. அந்த ஆளை அவன் அப்பா என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தாளு என்பான்.

“வேல மட்டும் கெடைக்கட்டும் மாப்ள. மொத மாசமே ஒரு ரூம் பாத்து அம்மாவக் கூட்டிட்டுப் போயிருவேன்” என்று பஸ்ஸில் சொல்வான். “அந்தாளு மலையில இருந்து எறங்கி வந்து பாக்கையில வீட்டுல பூட்டுத் தொங்கணும்.”

அந்தப் பூட்டுக்காகத்தான் அவன் ரெஸ்யூம் எழுதினான். எங்களுக்கு வேலை என்பது மானம், மோட்டார் பைக், கல்யாணம். அவனுக்கு அது அம்மாவை உயிரோடு வெளியே கொண்டுவருகிற வழி. கவர் லெட்டரை யாரும் மதிக்காதபோது அவன் ஒருவன்தான் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனித்தனியாக எழுதினான். ‘தங்கும் இடம் தரப்படுமா, குடும்பத்தினர் உடன் தங்கலாமா’ என்று கவர் லெட்டரிலேயே கேட்டிருந்தான். அதை எடுடா என்று நான் சண்டை போட்டு எடுக்க வைத்தேன்.

ஓசூர்ப் பக்கமிருந்து ஒரு கம்பெனி கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வருவதாகச் சொன்னார்கள். நான் என் ரெஸ்யூமை நன்றாகத் திருத்தி வைத்திருந்தேன். அவன் அந்த ஃபைலை வாங்கிக்கொண்டு சின்னமனூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பெயர், மார்க், போன் நம்பர், முகவரி எல்லாவற்றையும் மாற்றினான். பின்னால் வரிசை நிற்க, கடைக்காரர் அவசரப்படுத்த, பிரிண்ட் போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கல்லூரியில் கொடுத்துவிட்டான். இரண்டாவது பக்கத்தில் ஒரு வரி மட்டும் மாறவில்லை. தந்தை பெயர் என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் அப்படியே நின்றது.

அதைக் கண்டுபிடித்தவர் பிளேஸ்மென்ட் ஆபீசர். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அவருக்குக் கையில் மைக் இருந்தது, எதிரே மூன்று டிபார்ட்மென்ட் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள், விடுவாரா? எங்கள் இரண்டு பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

“நீங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பியா?”

“இல்ல சார்” என்றோம்.

“ஊரு வேற வேற. அம்மாவும் வேற வேறதான் போல. அப்பா மட்டும் ஒருத்தர்னு போட்டிருக்கே? ரொம்ப பிஸியான மனுஷரோ?”

அரங்கம் அதிர்ந்தது. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். வேடிக்கையாகச் சொன்னார் என்பதற்காக அவரை நான் மன்னிக்கவில்லை, இன்றைக்கும் மன்னிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவனை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம். அவனுடைய அப்பன் யாரென்று கேட்டால் அது அவனைத் திட்டுவது இல்லை, அவன் அம்மாவைத் திட்டுவது. என் பக்கத்தில் நின்றவன் முகத்தைப் பார்த்தேன். தழும்பு இருக்கிற புருவம் துடித்துக்கொண்டிருந்தது.

மேஜை மேல் கிடந்த அந்தப் பக்கத்தை எங்கள் வகுப்பில் ஒருவன் போட்டோ எடுத்து, ‘ஒரே டெம்ப்ளேட், ஒரே அப்பா’ என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான். அவனும் குச்சனூர்ப் பக்கம்தான். அன்று மதியமே கேன்டீனில் அவனைப் பிடித்தோம். நான்தான் முதலில் அடித்தேன். டீ கிளாஸ் கையில் இருந்தது, கீழே வைக்கத் தோன்றவில்லை. கிளாஸ் அவன் தாடையில் உடைந்தது. என் உள்ளங்கையும் கிழிந்தது. அவன் விழுந்த பிறகு என் நண்பன் அவன் மேல் உட்கார்ந்து அடித்த அடியைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. ஒவ்வொரு அடிக்கும் “அழிடா, அழிடா” என்றான். அடி வாங்குகிறவன் ரத்தம் ஒழுகும் வாயோடு போனைத் தடவி ஸ்டேட்டஸை அழித்தான். அழித்து என்ன செய்ய? பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும் பார்த்து, எடுத்து, அனுப்பி முடித்திருந்தார்கள்.

எச்.ஓ.டி. எங்களை இன்டர்வியூவுக்கு விட மாட்டேன் என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சினோம். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தால் விடுவதாகச் சொன்னார். அதையும் அவன் நான் எழுதியதைப் பார்த்துத்தான் எழுதினான். இந்தத் தடவை ‘தகப்பனார் பெயர்’ என்று வந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

அதற்குள் அந்தப் போட்டோ மலைக்கு மேலே போய்விட்டது. ஜீப் டிரைவர்கள் தங்களுக்குள் வைத்திருந்த குரூப்பில் யாரோ போட்டிருக்கிறார்கள். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அந்த ஆள் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. வாரத்தின் நடுவில் ஒரு பகலில் இறங்கி வந்துவிட்டான்.

இன்டர்வியூவுக்கு இரண்டு நாள் இருந்தது. நானும் நண்பனும் கல்லூரியிலிருந்து அவன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தோம், சட்டை தேய்க்க. தெருமுனையிலேயே சத்தம் கேட்டது. உள்ளே எள் மூட்டை கிழிந்து தரையெல்லாம் கறுப்பாகக் கிடந்தது. அத்தை அந்த எள்ளின் மேல் கிடந்தாள். அந்த ஆள் கையில் ஜீப்பின் ஜாக்கி ராடு. அத்தையின் வலது கை, மணிக்கட்டுக்கு மேலே, மடங்கக் கூடாத இடத்தில் மடங்கியிருந்தது. அவள் அழவில்லை. “அண்ணேன்னு கூப்பிடுற மனுசன்யா... அண்ணேன்னு கூப்பிடுற மனுசன்யா...” என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நண்பன் அந்த ஆள் மேல் பாய்ந்தான். ராடு நண்பனின் விலாவில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

“டைப்பிங் மிஸ்டேக்குய்யா! இவன் பயோடேட்டாவப் பாத்து அடிச்சேன், அந்த வரிய மாத்த மறந்துட்டேன்!” என்று நண்பன் கத்தினான்.

“எழுத்து மாறும்டா. அப்பனா மாறுவான்?” என்றான் அந்த ஆள். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மேலே யாரோ வரி வரியாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். “கீழ என்னடா எழுதியிருக்கு? எல்லாம் உண்மைன்னு எழுதியிருக்குல்ல? அதுக்குக் கீழ யாரு கையெழுத்துடா? எந்தாடா, சொல்லுடா!”

கையெழுத்து நண்பனுடையதுதான். அறுபது பேரும் வாசிக்காமலே கையெழுத்துப் போட்ட டிக்ளரேஷனை உலகத்திலேயே முதன்முதலாக முழுசாகக் கேட்டுத் தெரிந்துகொண்டவன் அந்த ஆள் ஒருவன்தான். நான் ஓரத்தில் இருந்த ஆட்டுரல் குழவியைத் தூக்கினேன். எறிந்திருந்தால் நான் இன்றைக்கு இதை ஜெயிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பேன். குழவி எனக்குக் கனமாக இருந்தது, அதற்குள் அவன் என்னைத் தள்ளிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டான். எங்கே போகிறான் என்று கேட்கத் தேவையில்லை.

நண்பன் அத்தையை ஆட்டோவில் ஏற்றினான். நான் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை வாங்கிக்கொண்டு எங்கள் ஊருக்குப் பறந்தேன். வழியெல்லாம் அப்பாவுக்குப் போன் அடித்தேன், லோடு ஏற்றும் நேரத்தில் அவர் போனை எடுப்பதில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது சண்டை பாதி நடந்திருந்தது. அப்பா லோடு ஏற்றும் செட்டுக்கு முன்னால் தெருவே கூடியிருந்தது. அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாது. ரெஸ்யூம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தார் அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் ஒருவன் ஜீப்பை விட்டு இறங்கி வந்து, “ஏன்டா, எம் மகனுக்கு நீதான் அப்பனாடா?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் தோளில் ராடால் அடித்திருக்கிறான். அதற்குப் பிறகு அப்பாவை யார் பிடிக்க முடியும்? நான் பார்த்தபோது அந்த ஆள் வாழை மட்டைகளுக்கு நடுவே மல்லாந்து கிடந்தான். அப்பா அவன் நெஞ்சில் முழங்காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அவன் பல் இரண்டு போயிருந்தது. ரத்தத்தோடு துப்பித் துப்பி, “சொல்லுடா, அவன் ஒம் மகனா? சொல்லுடா” என்று கேட்டுக்கொண்டே கிடந்தான்.

“ஆமடா!” என்று கத்தினார் அப்பா. “எம் மகன்தான்டா! பெத்த புள்ளைக்கு ஒரு பேனா வாங்கிக் குடுத்திருக்கியாடா நீ? பொண்டாட்டிய அடிச்சே திங்கிற நாயி! எம் மகன்தான்டா அவன், என்னடா செய்வ? போய் ஊரெல்லாம் சொல்லுடா!”

இதுதான் என் அப்பா என்று நெஞ்சு விம்மியது. அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பெருமை. பிறகுதான் சுற்றி நின்றவர்கள் முகங்களைப் பார்த்தேன். லோடு ஏற்றுகிறவர்கள், டீக்கடைக்காரர், தண்ணீர்க் குடத்தோடு நின்ற பெண்கள். ஒருவரும் சண்டையைப் பார்க்கவில்லை. எல்லோரும் அந்த ஆமாவைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

கீழே கிடந்தவனும் அதற்குப் பிறகு திமிறவில்லை. கேட்க வந்தது கிடைத்துவிட்டது. எழுந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனான்.

அன்று சாயங்காலம் அம்மா அப்பாவின் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பாதான் பொறுக்க முடியாமல் “கோவத்துல வந்துருச்சும்மா” என்றார்.

“கோவத்துல சொன்னீகன்னு எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா. “ஊருக்கு யாரு சொல்லுவா?”

மறுநாள் அப்பா டீக்கடையில் போய்ச் சொன்னார். பிள்ளை கம்ப்யூட்டரில் தப்பாக அடித்ததைச் சொன்னார். ஆத்திரத்தில் வாய் தவறியதைச் சொன்னார். குலசாமி மேல் சத்தியம் செய்தார். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள். சிரிக்காமல் கேட்டுக்கொண்டதுதான் மோசம். அவர் சத்தமாக இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆமா பெரிதாகிக்கொண்டே போனது. நெருப்பில்லாமல் புகையுமா என்று முதுகுக்குப் பின்னால் ஒருவர் சொல்ல, அப்பா திரும்பி அவரை அடித்தார். அதோடு அது முழுதாக உறுதியாகிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போலீசுக்கு யாரும் போகவில்லை. போனால் எதற்குச் சண்டை என்று எழுதச் சொல்வார்கள். இன்னொரு காகிதத்தில் அதை எழுத யாருக்கும் தைரியம் இல்லை.

இன்டர்வியூவுக்கு நாங்கள் போனோம். நண்பன் விலாவில் பட்டைத் துணியைச் சுற்றி அதன் மேல் சட்டை போட்டிருந்தான். எனக்கு உள்ளங்கையில் கட்டு. முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஏதோ பேச்சில் கேட்டார்கள். அடிப்பேன் சார் என்று சொன்னேன். எனக்கு அன்றைக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. வெளியே அனுப்பிவிட்டார்கள்.

அவன் உள்ளே வெகுநேரம் இருந்தான். வெளியே வந்தவன் சிரித்தான். “செலக்ட் மாப்ள” என்றான். பிறகு காரிடாரில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனான்.

“இன்டர்வியூ எடுத்தவரு மொதல்ல என்ன செஞ்சாரு தெரியுமா? என் ரெஸ்யூம எடுத்தாரு. ரெண்டாவது பக்கத்த அப்படியே கிழிச்சுக் கீழ இருந்த அட்டப்பெட்டியில போட்டாரு. அதுல எல்லாரோட ரெண்டாவது பக்கமும் கெடக்கு மாப்ள. ‘சார், அது...’ன்னேன். ‘இதெல்லாம் எதுக்குப்பா எழுதுறீங்க, நாங்க வாசிக்கிறதே இல்லையே’ன்னாரு.”

சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பு வளர்ந்துகொண்டே போனது. சிரித்துக்கொண்டே சுவரில் நெற்றியை மோதினான். நிறுத்துவான் என்று நினைத்தேன், நிறுத்தவில்லை. நான் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து இழுப்பதற்குள் புருவத்தின் பழைய தழும்பு பிளந்து ரத்தம் புதுச் சட்டையில் வழிந்துவிட்டது. வேலை கிடைத்த சந்தோஷம் என்று நினைத்துச் சில பேர் கைதட்டினார்கள்.

வேலையில் சேரும் நாள் மெயிலில் வந்தது. ஓசூரில் ஒரு ரூமும் பார்த்துவிட்டான். அத்தை மாவுக்கட்டுப் போட்ட கையோடு மறுபடியும் கோயில் வாசலில் உட்கார ஆரம்பித்திருந்தாள், இடது கையால் பொட்டலம் மடித்துக்கொண்டு. வீட்டில் சொன்னால் சுவருக்கும் காது இருக்கும் என்று அவன் கோயிலுக்கே போனான். நானும் கூடப் போனேன். என்னைப் பார்த்ததும் அத்தை முகம் மாறியது.

“நீ இங்கன நிக்காதய்யா. தள்ளிப் போய் நில்லு” என்றாள்.

செருப்பு விடுகிற இடத்துக்கு அருகே போய் நின்றேன். அங்கிருந்தும் காதில் விழுந்தது.

“வேல கெடச்சிருச்சும்மா. ரூம் பாத்தாச்சு. ரெண்டு சேலைய மட்டும் எடுத்துக்க. வியாழக்கெழம பஸ்.”

“நீ போயிட்டு வாய்யா.”

“நீயும்தான்மா.”

“நான் வரல.”

“என்னம்மா சொல்ற? ஒனக்காகத்தானேம்மா இம்புட்டும்?”

“தெரியும்டா சாமி. போன மாசம் கூப்பிட்டிருந்தா கட்டுன சேலையோட வந்திருப்பேன்.” ஒரு பொட்டலத்தை மடித்து முடித்துவிட்டுத்தான் அடுத்ததைச் சொன்னாள். “இப்ப நான் ஒங்கூடக் கெளம்பி வந்தா, ஆமான்னு ஆயிரும்டா. அண்ணேன்னு கூப்பிட்ட வாயி இது. அந்தாளு வீட்டுல, அந்தாளு அடிய வாங்கிக்கிட்டு இருந்தாத்தான் அது பொய்யின்னு ஆகும்.”

அவன் எள் தட்டைக் காலால் எத்தினான். விளக்குகள் படியில் உருண்டு உடைந்தன. கும்பிட வந்தவர்கள் அபசகுனம் என்று விலகினார்கள். அவன் உடைந்ததையும் விடாமல் மிதித்தான், மிதித்துக்கொண்டே அழுதான். “நான் ஒரு வரி மறந்ததுக்காம்மா? ஒரே ஒரு வரிக்காம்மா?” அத்தை அவனைத் தடுக்கவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை. எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது. தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயாவது பஸ்ஸில் ஏற்றலாம் போலிருந்தது. அப்படி நினைத்த பிறகுதான், இழுத்துக்கொண்டு போகிறவர்களில் நானும் ஒருவனாகிவிட்டேன் என்று உறைத்தது.

வியாழக்கிழமை அவன் தனியாகப் போனான்.

நான் வீட்டில் உட்கார்ந்து கவர் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தேன். எந்தக் கம்பெனியும் பதில் போடவில்லை. ஒருநாள் பிற்பகல், அப்பாவின் செட்டில் சாக்கு மேல் லேப்டாப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தபோது, குச்சனூரிலிருந்து வரும் லோடுமேன் சைக்கிளை விட்டு இறங்கினார். அம்மா அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்திருந்தாள். லோடுமேன் யாருக்கும் சொல்லாத மாதிரி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“அங்கன அந்தாளு மலையில இருந்து எறங்கி வந்திருக்காரு. கதவச் சாத்திட்டு அடிக்கிறாரு. சனங்க எல்லாம் வெளிய நின்னு கேட்டுக்கிட்டு நிக்கிறாக, ஒருத்தரும் உள்ள போக மாட்டேங்குறாக.”

சொல்லிவிட்டு அவர் போகவில்லை. எங்களைப் பார்த்தபடியே நின்றார். மற்ற லோடுமேன்களும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நாங்கள் என்ன செய்கிறோம் என்று பார்க்கத்தான் அந்தச் செய்தி வந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அப்பா வாழைக் கத்தியோடு எழுந்தார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன்.

அம்மா குறுக்கே வந்து நின்றாள். “இந்த வீட்டு ஆம்பளைக யாரும் அந்தத் தெருவுல கால வைக்கக் கூடாது. வச்சா இன்னைக்கே அவளக் கொன்னு போட்டுருவான்.”

குச்சனூர் எங்களுக்குக் கூப்பிடு தூரம். முன்பின் தெரியாத ஒரு பெண்ணை அடிக்கிறான் என்றால்கூட அப்பாவும் நானும் இந்நேரம் கதவை உடைத்திருப்போம். அப்பா நின்ற இடத்திலேயே நின்றார்.

நான் போலீசுக்குப் போன் செய்தேன். ஊரைச் சொன்னேன், தெருவைச் சொன்னேன், கதவைச் சாத்திக்கொண்டு அடிக்கிறான் என்று சொன்னேன். எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, “அந்தம்மாவுக்கு நீங்க என்ன வேணும்?” என்றார்.

செட்டில் அத்தனை பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒண்ணும் இல்ல சார்” என்றேன். “ரோட்டுல போறவன். யாருன்னே தெரியாது.”

வண்டி அனுப்புவதாகச் சொல்லி அவர் போனை வைத்தார். லோடுமேன்கள் மெதுவாகத் தாரைத் தூக்கத் தொடங்கினார்கள். அப்பா அம்மா கொண்டுவந்த சோற்றுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை.